எ, க, ய மூன்றும் ஒரே நாளில் போயின: மடிக்கணினி விசைப்பலகையைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

3 ஜூன் 2023, காலை 10.20 (வாசகர் கேள்வி)

நாகர்கோவிலில் வீட்டிலிருந்தபடியே ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் மடிக்கணினியில் நேற்றுக் காலை முதல் எ, க, ய ஆகிய மூன்று எழுத்துகளும் விழவில்லை. பேக்ஸ்பேஸ் விசையும் வேலை செய்யவில்லை. நான் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் அடிப்பவள். க இல்லாமல் ஒரு வரிகூட நகரவில்லை. விசைப்பலகை தனியாகக் கிடைக்காது, அது பதிந்திருக்கும் மேல்சட்டமான சி பேனலோடு சேர்த்து மாற்ற 4,800 ரூபாய் ஆகும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். பழைய கணினிக்கு அவ்வளவு செலவு வீண், ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கிச் சொருகிக்கொள்ளுங்கள் என்று இன்னொரு கடையில் சொன்னார்கள். தூசி அடைத்துப் பலகை கெட்டுவிட்டது, இனி அதைப் பழுது பார்க்க வழியில்லை என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

3 ஜூன் 2023, இரவு 9.45 (பதில்; இனி வருபவையும் இவருடையவையே)

தூசி என்ற முடிவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் சொல்லும் நான்கு விசைகளும் ஆங்கில அமைப்பில் ஜி, ஹெச், ஒற்றை மேற்கோள் குறி, பேக்ஸ்பேஸ் ஆகியவை. முதல் இரண்டும் நடுவில் அடுத்தடுத்து இருக்கின்றன. மேற்கோள் குறி எண்டர் விசையை ஒட்டி இருக்கிறது. பேக்ஸ்பேஸ் மேல் மூலையில் இருக்கிறது. தூசியோ முறுக்குத் துணுக்கோ விழுந்திருந்தால் விழுந்த இடத்தில் ஒரு விசையையோ பக்கத்து விசையையோ கெடுக்கும். இப்படி இடம்விட்டு இடம் தாவி நான்கு விசைகளை ஒரே காலையில் கெடுக்காது.

ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. பல மடிக்கணினிகளில் எட்டு இணைப்புத் தடங்கள் ஒரு பக்கமும், பதினாறோ அதற்குச் சற்று அதிகமோ மறுபக்கமும் ஓடுகின்றன. கோலத்தில் புள்ளி வைத்துக் குறுக்கும் நெடுக்கும் இழுத்ததுபோல அவை சந்திக்கும் இடங்களில்தான் விசைகள் உட்கார்ந்திருக்கின்றன. தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) உள்ள கட்டுப்படுத்திச் சில்லு ஒவ்வொரு தடமாக மின்னழுத்தம் கொடுத்து, மறுபக்கத்தில் எது பதில் சொல்கிறது என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தத் தடங்கள் நம் கண்ணுக்குத் தெரியும் விசை வரிசைகளின்படி ஓடுவதில்லை. ஒரு தடம் அறுந்தால் அதில் கோக்கப்பட்ட விசைகள் எல்லாம் ஒன்றாகப் போகும். அவை பலகையில் எங்கெங்கோ இருப்பதாக நமக்குத் தோன்றும். உங்கள் நான்கு விசைகளும் ஒரே தடத்தைச் சேர்ந்தவை என்று நினைக்கிறேன்.

எந்தெந்த விசைகள் போயின என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஃப்5 போன்ற மேல் வரிசை விசைகளையும் ஒன்றுவிடாமல் அழுத்திப் பாருங்கள். ஒரே ஒரு விசை போனால் கோளாறு அந்த விசையில் இருக்கும். ஒரு கூட்டம் ஒன்றாகப் போனால் தடத்திலோ, விசைப்பலகையைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் பட்டை வடத்திலோ இருக்கும். எல்லா விசைகளும் போனால் வடம் கழன்றிருக்கலாம், மென்பொருளாகவும் இருக்கலாம். இந்தக் கணக்கைப் போடாமல் விலை சொல்லும் கடையில் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

4 ஜூன் 2023, காலை 6.30

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். திருப்புளியை எடுப்பதற்கு முன் கணினியை அணைத்துப் போட்டு, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் நுழைந்து, அங்கே எழுத்து ஏற்கும் ஏதாவதொரு கட்டத்தில் ஜி, ஹெச் இரண்டையும் அடித்துப் பாருங்கள். அங்கும் விழவில்லையென்றால் விண்டோஸ் மீதோ தமிழ் எழுத்துக்கருவி மீதோ பழி போட இடமில்லை.

வலப்பக்க ஷிஃப்ட் விசையை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்ற வசதி விழித்துக்கொள்ளும். அதன்பின் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். விசைப்பலகை செத்துவிட்டது என்று எத்தனையோ பேர் கடைக்கு ஓடியிருப்பது இதனால்தான். எண்பலகை தனியாக இல்லாத சில மடிக்கணினிகளில் நம்லாக் விழுந்துவிட்டால் யு, ஐ, ஓ, ஜே, கே, எல் விசைகள் எண்களாக மாறிவிடும்; தமிழ்99இல் அடிப்பவருக்கு ற, ன, ட, ப, ம, த காணாமல் போகும். உங்கள் கோளாறு இந்த இரண்டிலும் சேராது. ஆனாலும் இந்த இழையைப் பின்னால் படிக்க வருபவருக்குப் பயன்படும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

7 ஜூன் 2023, இரவு 10.15

பயாஸிலும் விழவில்லை, கூடவே எஃப்5 விசையும் போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் என் ஊகம் இன்னும் வலுக்கிறது. என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் மதுரையில் மெய்ப்புத் திருத்தும் தொழில் செய்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் விரல்கள் விசைகளின் மேல்தான் இருக்கும். 2020ஆம் ஆண்டு மழைக்காலத்தில் என் மடிக்கணினியில் சில விசைகள் காலையில் விழாமலும் பிற்பகலில் விழுந்தும் என்னை அலைக்கழித்தன. பிறகு ஒருநாள் மாலை டெலிட் விசை அழுத்தப்பட்ட நிலையிலேயே நின்றுவிட்டது. ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் என் கண்முன்னே எழுத்தெழுத்தாகக் கரைந்துகொண்டிருந்தது. நான் கையை எடுத்து மடியில் வைத்திருக்கிறேன், கோப்பு தானாகச் சுருங்குகிறது. மூடியை மூடி, மின் விசையை அழுத்திப் பிடித்து அணைத்தேன். கடைசியாகச் சேமித்த பிரதி இருந்ததால் பத்து நிமிட வேலை மட்டுமே போனது. அன்றிலிருந்து மெய்ப்புக் கோப்பைத் தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஒரு நிமிடமாக வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் அடிமூடியைத் திறந்தேன். விசைப்பலகையிலிருந்து வரும் பட்டை வடம் விரலகலம் இருக்கும், தாள்போல மெல்லியது, தாய்ப்பலகையில் உள்ள ஒரு நீளமான வாயில் நுழைந்திருக்கும். அந்த வாய்க்கு ஒரு தாழ் உண்டு. சிலவற்றில் அது கறுப்பு இமைபோல மேல்நோக்கித் திறக்கும். சிலவற்றில் இரு ஓரங்களையும் பிடித்து ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுக்க வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் வடத்தைப் பிடித்து இழுக்கவே கூடாது. நகத்தால் மெல்ல நெம்பிப் பாருங்கள். சரியான திசையென்றால் எதிர்ப்பே இல்லாமல் திறந்துகொள்ளும்.

வடத்தின் நுனியில் வெள்ளி நிறக் கோடுகள் வரிசையாக இருக்க வேண்டும். என்னுடையதில் இடது ஓரக் கோடுகள் மூன்று பழுப்பேறியிருந்தன. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, நீளவாக்கில் மட்டும், அழுத்தாமல் துடைத்தேன். பழுப்பு பஞ்சில் ஏறியது. காய்ந்தபின் வடத்தை நேராக உள்ளே செலுத்தித் தாழைப் போட்டேன். அன்றிரவே எல்லா விசைகளும் விழுந்தன. செலவு, ஒரு சின்னப் புட்டி ஆல்கஹால் மட்டும்.

7 ஜூன் 2023, இரவு 10.50

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. அடிமூடியைத் திறந்தவுடன் முதல் வேலை பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. கணினி உறக்க நிலையில் இல்லாமல் முழுதாக அணைக்கப்பட்டிருக்க வேண்டும். சார்ஜர் சுவரிலும் இருக்கக் கூடாது, கணினியிலும் இருக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றியபின் மின் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் இறக்கிவிடுங்கள். விசைப்பலகைக்கு ஒளிவிளக்கு உள்ள கணினியில் இரண்டாவதாக ஒரு சிறு வடமும் இருக்கும். மின்சாரம் ஓடும்போது அதைக் கழற்றிப் பொருத்தினால் வேறு கோளாறுகள் கூடிக்கொள்ளும்.

15 ஜூன் 2023, இரவு 9.10

வடத்தைக் கழற்றிப் பொருத்தியபின் மூன்று நாள் நன்றாக வேலை செய்து, நேற்று மீண்டும் அதே ஐந்து விசைகளும் போயின என்கிறீர்கள். எனக்கும் அதுவே நடந்தது. முந்தைய குறிப்பில் கதையைப் பாதியில் நிறுத்தியிருக்கக் கூடாது. வெற்றியை மட்டும் சொல்லிவிட்டேன்.

நான் துடைத்துப் பொருத்திய பலகை நான்கு மாதம் வேலை செய்தது. 2021 தொடக்கத்தில் மறுபடியும் தடுமாறியபோது மறுபடியும் துடைத்தேன்; இந்த முறை ஒரு வாரம்தான் தாங்கியது. மூன்றாவது முறை திறக்கப் போகும்போதுதான் கவனித்தேன்: சாப்பாட்டு மேசையின் சமமான பரப்பில் வைத்தால் கணினி மெல்ல ஆடியது. தொடுபலகையை அழுத்தினால் வழக்கமான சொடுக்கு ஒலி கேட்கவில்லை. ஸ்பேஸ் விசைக்குக் கீழே உள்ள பகுதி மேல்நோக்கிச் சற்றே வளைந்திருந்ததை, ஓர் அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். அடிமூடியைக் கழற்றியதும் அது தானாகவே எழும்பியது. உள்ளே பேட்டரியின் மூன்று பைகளில் ஒன்று பூரிபோல உப்பியிருந்தது.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. உப்பிய பேட்டரி பலகையைக் கீழிருந்து தள்ளியிருக்கிறது. வடம் வாயில் சாய்வாக நின்றிருக்கிறது. நான் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சில நாள் நேராக நின்று, பிறகு மீண்டும் சாய்ந்திருக்கிறது. பழுப்புக் கோடுகளைத் துடைத்ததும் சரியானதை நான் மருந்து என்று நம்பிவிட்டேன்.

ஆகையால் இன்றிரவே உங்கள் கணினியைச் சமமான மேசையில் வைத்து நான்கு மூலைகளையும் தட்டிப் பாருங்கள். ஆடினால் சார்ஜ் செய்வதை உடனே நிறுத்துங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, அட்டையால் நெம்பவோ கூடாது; உள்ளே உள்ள லித்தியம் செல் தீப்பிடிக்கும். பேட்டரி ஒட்டப்பட்டிருக்கும் வகையென்றால் கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது உற்பத்தியாளரின் பொறுப்பு.

16 ஜூன் 2023, காலை 7.05

கணினி ஆடவில்லை, அளவுகோலும் நேராக உட்காருகிறது என்று எழுதியதைப் படித்தேன். நிம்மதி. அப்படியானால் பேட்டரி பற்றிய என் ஐயத்தை உங்கள் வகையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனையை மட்டும் செய்துகொண்டிருங்கள்.

18 ஜூன் 2023, மாலை 5.30

சென்ற தீபாவளியின்போது காபி சிந்தியது, உடனே துடைத்துவிட்டேன், அதன்பின் ஏழு மாதம் எந்தக் குறையும் இல்லை, அதனால் அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன் என்கிறீர்கள். அம்மா, அதுதான் காரணம் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

விசைக்குக் கீழே ஒரு சின்னக் கத்தரிபோலக் குறுக்கே பின்னிய இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள், அதன் நடுவே ஒரு ரப்பர் குமிழ், அதற்கும் கீழே மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளி கலந்த மையால் தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாளில் விசைக்கு ஒரு துளை. நாம் அழுத்தும்போது குமிழ் மடங்கி, மேல் தாள் அந்தத் துளை வழியாகக் கீழ்த் தாளைத் தொடுகிறது. க விழுகிறது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. சிந்திய காபியை நீங்கள் மேலே துடைத்துவிட்டீர்கள். தாள்களின் இடுக்கில் நுழைந்த ஒரு துளியைத் துணி எட்டியிருக்காது. பால், சர்க்கரை, ஈரம் மூன்றும் சேர்ந்து அந்த வெள்ளித் தடத்தை மாதக்கணக்கில் அரித்திருக்கும். முடியிழை அளவு மிச்சமிருந்தவரை விசைகள் வேலை செய்திருக்கும். வடத்தை அசைத்தபோது பலகையும் சற்று அசைந்ததால் மூன்று நாள் தொட்டுக்கொண்டிருந்து, பிறகு விட்டிருக்கும்.

சிந்தியவுடன் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். துடைப்பது இரண்டாவது வேலை. முதலில் மின்சாரத்தை நிறுத்தி, கணினியைக் கூடாரம்போலக் கவிழ்த்து நிறுத்த வேண்டும். நீர்மம் தாய்ப்பலகைப் பக்கம் இறங்காமல் வந்த வழியே வடியட்டும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசி சர்க்கரையை உறிஞ்சாது, அதன் மாவு துளைகளுக்குள் போய்ச் சேரும். திங்க்பேட் வரிசையின் பல கணினிகளில் விசைப்பலகையில் விழும் நீர் அடிப்பக்கமாக வெளியேற வடிகால் துளைகளே வைத்திருக்கிறார்கள். எல்லா நிறுவனங்களும் அதைச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

22 ஜூன் 2023, இரவு 10.40

அறுந்த தடத்தை ஒட்டவைக்க முடியாதா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. நானும் முயன்றிருக்கிறேன், வேறொரு பழைய பலகையில். மின்தொடர்பு இருந்தால் ஒலிக்கும்படி வைத்த மல்டிமீட்டரின் ஒரு முனையை வடத்தின் கோட்டிலும் மறு முனையைத் தடத்தின் வெவ்வேறு இடங்களிலும் வைத்துக்கொண்டே போனால், ஒலி நிற்கும் இடத்தில் அறுப்பு இருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேருவதுதான் பாடு. மூன்று தாள்களும் பல இடங்களில் ஒட்டப்பட்டிருக்கும். பிரிக்கும்போது நல்ல தடங்களும் உரியும். பற்றாசு (சால்டரிங்) வைக்க முடியாது. சூடு பட்டதும் பிளாஸ்டிக் சுருண்டுவிடும். மின்கடத்தும் வெள்ளிப் பசையை ஊசி முனையால் தடவி, ஒரு நாள் காயவைத்து, மேலே ஒட்டுநாடா போட்டு மூடினேன். பதினொரு நாள் எழுத்து விழுந்தது. பன்னிரண்டாம் நாள் பசை வெடித்துவிட்டது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தாள் வளைகிறது, பசையோ வளைவதில்லை. பட்டை வடத்தின் நுனியில் ஏற்பட்ட அறுப்பை வேண்டுமானால் இப்படிச் சரிசெய்யலாம், அங்கே வளைவு இல்லை. பலகையின் உள்ளே என்றால் மாற்றுவதே சரி.

ஆக, பலகை போய்விட்டது என்ற உங்கள் முதல் முடிவு சரிதான். சொன்ன காரணமும், மாற்றச் சொன்ன விலையும்தான் தவறு.

23 ஜூன் 2023, காலை 6.50

புதிய பலகை வரும்வரை வேலை நிற்க வேண்டாம். வெளிப் பலகை கைவசம் இல்லாத நாளுக்கு ஒரு வழி: விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற இலவசக் கருவியில் ஒரு விசையின் வேலையை இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம். கேப்ஸ் லாக் விசையை ஹெச் என்று மாற்றுங்கள்; பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு நமக்கு இல்லாததால், ஆங்கில ஏ (A) விசைக்குப் பக்கத்திலேயே நல்ல இடத்தில் இருக்கும் அந்த விசை தமிழ் அடிப்பவருக்குச் சும்மாதான் கிடக்கிறது. வலப்பக்க ஆல்ட் விசையைப் பேக்ஸ்பேஸ் ஆக்கலாம். எ, ய இரண்டையும் செயல்விசைகளில் எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் விரல் தடுமாறும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

கடவுச்சொல்லில் ஜி அல்லது ஹெச் இருந்தால் நுழைவுத் திரையில் இந்த மாற்றம் உதவாது. அங்கே வலது கீழ்மூலையில் உள்ள அணுகல் வசதிக் குறியைச் சொடுக்கினால் திரை விசைப்பலகை வரும்.

25 ஜூன் 2023, பிற்பகல் 3.15

வாங்குவது பற்றி எழுதுகிறேன். கணினியின் மாதிரிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வந்த கணினிக்குள் இரண்டு மூன்று வகைப் பலகைகள் இருக்கின்றன. பழைய பலகையின் முதுகில் ஒட்டியிருக்கும் சிட்டையில் ஒரு நீண்ட பகுதி எண் இருக்கும். அதைப் படம் பிடித்துக்கொண்டு அந்த எண்ணுக்கே கேளுங்கள். வடம் எந்தப் பக்கத்திலிருந்து புறப்படுகிறது, அதன் நீளம் எவ்வளவு, ஒளிவிளக்கு உண்டா, மின் பொத்தான் பலகையிலேயே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும்.

எண்டர் விசையின் வடிவத்தையும் பாருங்கள். நம் ஊரில் புழங்குவது அமெரிக்க அமைப்பு. எண்டர் படுக்கைவாட்டில் ஒரே வரிசையில் இருக்கும். பிரிட்டன் அமைப்பில் அது இரண்டு வரிசை உயரம் நிற்கும், இடது ஷிஃப்ட் குறுகி அதன் பக்கத்தில் கூடுதலாக ஒரு விசை முளைத்திருக்கும். நான் 2021இல் சென்னை ரிச்சி தெருவில் அவசரமாக வாங்கி வந்தது அந்தப் பிரிட்டன் பலகை. பேருந்தில் மதுரை வந்து சேர்ந்து, வீட்டில் பிரித்த பிறகுதான் சட்டத்தின் துளையில் எண்டர் நுழையாது என்று கண்டேன். மாற்றித் தந்தார்கள், ஆனால் போக்குவரத்துச் செலவு பலகையின் விலைக்குச் சமமாகிவிட்டது.

தனியாகப் பலகை வராது என்று கடையில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பல கணினிகளில் அடியில் இரண்டு மூன்று திருகாணிகளைக் கழற்றி, மேலே பலகையை நெம்பினால் கையோடு வந்துவிடும். கழற்ற வேண்டிய திருகாணிகளுக்குப் பக்கத்தில் விசைப்பலகைப் படத்தையே பொறித்து வைத்திருந்தார்கள். இப்போது வரும் மெல்லிய கணினிகள் பலவற்றில் பலகையைச் சி பேனலின் உட்புறத்தில் வைத்து, பேனலிலிருந்து நீண்டிருக்கும் பிளாஸ்டிக் முளைகளை உருக்கித் தலை தட்டி இறுக்கிவிடுகிறார்கள். உற்பத்திக்கு அது எளிது. பழுது பார்ப்பவருக்கு அது பெரும் பாடு. பத்து ரூபாய்த் திருகாணியில் முடிய வேண்டியதை ஆயிரக்கணக்கில் கொண்டு விடுவது இந்த முளைகள்தான். இது சரியில்லை என்று எவ்வளவு உரக்கச் சொன்னாலும் தகும்.

பெரிய நிறுவனங்களும் இதில் பாடம் கற்றிருக்கின்றன. ஆப்பிள் 2015இல் தன் மேக்புக்கில் வண்ணத்துப்பூச்சி அமைப்பு என்ற மிக மெல்லிய விசைகளைக் கொண்டுவந்தது. துகள் ஒன்று நுழைந்தாலே விசை நின்றுபோனது, அல்லது ஓர் அழுத்தத்துக்கு எழுத்து இரண்டு முறை விழுந்தது. பலகை மேல்சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால் மாற்றும் செலவும் மிகுதி. 2018 ஜூனில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்தார்கள். 2019 இறுதியில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் பழைய கத்தரி அமைப்புக்கே திரும்பினார்கள். அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கில் 5 கோடி டாலர் தர 2022இல் ஒப்புக்கொண்டார்கள். எதிர்த்திசையில், 2021இல் வந்த ஃப்ரேம்வொர்க் மடிக்கணினியில் பலகையோடு கூடிய மேல்பகுதியை ஐந்து திருகாணிகளில் கழற்றிவிடலாம். செய்ய மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அது சான்று.

2 ஜூலை 2023, இரவு 11.00

உங்கள் கணினி முளை வகைதான் என்று படத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான் என் பேனலில் செய்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே செய்வதா, கடையில் கொடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

தாய்ப்பலகை, பேட்டரி, விசிறி, ஒலிபெருக்கி என்று எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் பலகையின் முதுகு தெரியும். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய இடத்தின் வரைபடம் ஒன்றைக் காகிதத்தில் போட்டு, அந்தந்த இடத்திலேயே ஒட்டுநாடாவால் ஒட்டி வைத்தேன். நீளத் திருகாணியைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் புடைத்துக்கொண்டு வரும் என்பதால் இந்தக் கவனம். முளைகளை எண்ணினேன்: 86. ஒவ்வொன்றும் கடுகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புக் குமிழ். கூரிய கத்தியைப் படுக்கைவாட்டில் வைத்து, தலையை மட்டும் சீவ வேண்டும். காம்பு மிஞ்ச வேண்டும். முதல் பத்துக்கு அரை மணி ஆனது. பிறகு கை பழகியது. கடைசித் தலை சீவப்பட்டதும் பழைய பலகை லேசான கிறீச்சொலியோடு விட்டுக்கொண்டது. அதன் அடியில், என் கட்டைவிரல்கள் ஆண்டுக்கணக்கில் விழுந்த ஸ்பேஸ் விசைக்கு நேர் கீழே, உலர்ந்த தேநீர்க் கறை ஒரு நாலணா அகலத்துக்குப் படிந்திருந்தது. எப்போது சிந்தியது என்று எனக்கு நினைவே இல்லை.

புதிய பலகையைக் காம்புகளின் மேல் உட்காரவைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக, சால்டரிங் அயர்னின் தட்டை முனையால் ஒரு விநாடி தொட்டுத் தலை தட்டினேன். சூடு குறைவாக இருக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் மேற்பரப்பில் தழும்பு தெரியும். சன்னலைத் திறந்து வையுங்கள், புகை நல்லதில்லை. காம்பு உடைந்த இடங்களில் எபாக்சிப் பசையை ஒரு பொட்டு வைத்தேன். நடுப்பகுதியில் முளைகள் குறைந்தால் அடிக்கும்போது பலகை துணிபோலத் தொய்யும். நடுவிரல்கள் விழும் இடத்தில் ஒன்றையும் விடாதீர்கள்.

எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் வடத்தையும் பேட்டரியையும் மட்டும் இணைத்து ஒவ்வொரு விசையையும் சோதிக்க வேண்டும். புதிய பலகையிலும் அதே விசைகள் விழாவிட்டால் கோளாறு தாய்ப்பலகையின் வாயிலோ கட்டுப்படுத்திச் சில்லிலோ இருக்கிறது என்று பொருள். அதை 86 முளைகளுக்கும் தலை தட்டிய பிறகு தெரிந்துகொள்வது கொடுமை.

3 ஜூலை 2023, காலை 6.15

கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன். அந்தச் சோதனையை முளைகளில் கை வைப்பதற்கு முன்பே செய்யலாம், செய்யவும் வேண்டும். புதிய பலகை வந்தவுடன், பழையது அதன் இடத்திலேயே இருக்கட்டும். பழைய வடத்தை மட்டும் கழற்றிவிட்டு, புதியதன் வடத்தை அதே வாயில் பொருத்தி, பலகையை வெளியே ஒரு செய்தித்தாளின் மேல் வைத்து அடித்துப் பாருங்கள். எ, க, ய விழுந்தால் மேற்கொண்டு போகலாம். விழாவிட்டால் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நான் என் வேலையைச் செய்தபோது இந்த யோசனை எனக்கு வரவில்லை. நேற்று எழுதி முடித்துப் படுத்தபிறகு வந்தது.

19 ஜூலை 2023, இரவு 8.30

செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்ததில் ஐந்து விசைகளும் விழுந்தன, பலகை 1,150 ரூபாய், முளை வேலையை உள்ளூரில் ஒருவர் 700 ரூபாய்க்குச் செய்து கொடுத்தார், இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்து மிக மகிழ்ந்தேன். 4,800 எங்கே, 1,850 எங்கே.

க விசை மற்றவற்றைவிடக் கடினமாக இருக்கிறது என்ற குறைக்கு: விசை மூடியின் ஒரு மூலை கத்தரிச் சட்டத்தில் சரியாகப் பூட்டாமல் இருக்கலாம். நான்கு மூலைகளையும் விரல் நுனியால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். சொட்டென்று ஓர் ஒலி கேட்டால் அதுதான். அதன்பிறகும் கடினமென்றால் ரப்பர் குமிழ் புதிது என்பதால் இருக்கும். இரண்டு வாரம் அடித்தால் இளகிவிடும்.

பழைய பலகையைக் கடையில் விட்டுவராமல் கேட்டு வாங்கி வந்தது நல்லதாயிற்று. அதிலுள்ள மூடிகளும் கத்தரிச் சட்டங்களும் புதியதற்கு அப்படியே பொருந்தினால், பின்னாளில் ஒரு விசை உடையும்போது முழுப் பலகை வாங்க வேண்டியிருக்காது. ஸ்பேஸ், எண்டர், ஷிஃப்ட் ஆகியவற்றின் அடியில் மெல்லிய கம்பி ஒன்று கொக்கிகளில் மாட்டியிருக்கும். அவற்றை மேலே இழுக்காமல், கம்பி இல்லாத ஓரத்திலிருந்து நெம்பி, பிறகு கொக்கியிலிருந்து நழுவவிட்டு எடுங்கள். எடுத்ததை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, கணினியின் மாதிரிப் பெயரை மேலே எழுதி வையுங்கள். என்னுடைய டப்பாவிலிருந்து இதுவரை இரண்டு ம, ஒரு த, ஒரு புள்ளி வெளியே போயிருக்கின்றன.